வாலிபர் எழுதிய பிறப்புரிமைச் சாசனம்

உரிமைப் பிரகடனம் என்றவுடன் எமது மாணவருக்கு நினைவில் எழுவன பிலடெல்பியாவும் வெர்சாயுமே. 1789 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26 ஆந் திகதி பிரெஞ்சுத் தேசிய சபை ஏற்றுக்கொண்ட 17 பிரிவுகளைப் பரீட்சைக்காக ஒரு முறையேனும் உருப்போட்டவர் எம்மிடையே பலர் உளர். பனையும் பூவரசும் சூழ்ந்த எமது யாழ்ப்பாணக் குடாநாட்டிலும், பாடசாலை ஆசிரியரும் மாணவருமாகக் கூடி, சுதந்திரம் மனிதரின் பிறப்புரிமை என்று எழுதி, அதற்காக ஒரு தேர்தலையே நடவாமற் செய்த வரலாறு ஒன்று உண்டு. அதனை அறிந்தவர் தொகை சிறிது. அவ்வரலாறு முளைத்த இடங்களைக் காணவேண்டுமென்று நெடுநாளாக எண்ணியிருந்த நாம், மாணவர் இருவரையும் உடன் அழைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை காலை புறப்பட்டோம்.

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து மானிப்பாய் வழியாகக் காரைநகர் செல்லும் வீதி, குடாநாட்டின் கல்விச் சரித்திரத்தை ஊடறுத்துச் செல்வது. மானிப்பாயில், அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டாக்டர் கிறீன் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலேயே தமிழில் மேனாட்டு வைத்தியம் கற்பித்தார். அவர் பெயர் தாங்கிய வைத்தியசாலை இன்றும் அங்கே நிற்கின்றது. அதனைக் கடந்து சண்டிலிப்பாய், சங்கானை, சித்தன்கேணி என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. செம்மண் தோட்டங்கள் மெல்ல மறைந்து வயல்வெளி தோன்றும்போது வட்டுக்கோட்டை அண்மித்துவிட்டது எனக் கொள்ளலாம். பட்டினத்திலிருந்து ஏழெட்டு மைல்தான். பஸ் நின்று நின்று செல்வதால் வேலிகளையும் படலைகளையும் பார்க்கப் போதிய அவகாசம் கிடைக்கின்றது.

வட்டுக்கோட்டையில் ஒல்லாந்தர் காலத்துத் தேவாலயம் ஒன்றுண்டு. கூரை இடிந்து கிடந்த அதனையும் சுற்றியிருந்த நிலத்தையும் 1816 இல் வந்த அமெரிக்க மிஷனரிமார் பொறுப்பேற்றுத் திருத்தினர். அவ்வளவிலேயே 1823 இல் வட்டுக்கோட்டை செமினரி பிறந்தது. டானியல் பூவர் அதன் முதல் அதிபர். மேனாட்டுக் கணிதமும் வானசாஸ்திரமும் தமிழிலக்கணமும் ஒரே கூரையின் கீழ்க் கற்பிக்கப்பட்ட அப்பள்ளியிற் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளாயினர் என்பதை வாசகர் அறிவர். செமினரி 1855 இல் மூடப்பட்டது. 1872 இல் அதே வளவில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. கல்லூரி வாயிலில் நின்றபோது எம் மாணவரில் ஒருவர், "பிரித்தானிய அரசை எதிர்த்த வாலிபர், வெள்ளைக்காரர் நடத்திய கல்லூரியிலிருந்தா வந்தனர்?" என்று வியந்தார். வியப்புக்குரியதுதான். ஆயினும் அந்த வெள்ளைக்காரர், 1776 இல் அதே பிரித்தானியரை எதிர்த்துச் சாசனம் எழுதிய நாட்டினர் என்பதையும் நினைத்தல் வேண்டும். 1920 களில் அதிபராயிருந்த ஜோன் பிக்னெல், இலங்கை அரசாங்கத்தை எதிர்க்குமாறு எவரையும் தூண்டியவரல்லர். எனினும் தம் ஆசிரியர் சிந்திப்பதைத் தடுத்தவருமல்லர். சில வேளைகளில் ஓர் அதிபர் செய்யக்கூடிய பேருதவி அதுவே போலும்.

அவ்வாசிரியருள் ஒருவரே ஹண்டி பேரின்பநாயகம். மானிப்பாயில் 1899 இல் பிறந்து, யாழ்ப்பாணக் கல்லூரியிற் கற்று, அங்கேயே கற்பிக்க வந்தவர். 1924 இல் இவரும் இவரையொத்த இளைஞரும் சேர்ந்து மாணவர் காங்கிரஸ் என்னும் சபையைத் தாபித்தனர். பின்னாளிற் கந்தரோடை ஸ்கந்தவரோதயக் கல்லூரியின் அதிபராகி, 'ஒறேற்றர்' என்னும் அடைமொழியோடு அறியப்பட்ட சுப்பிரமணியமும் இவ்வியக்கத்தில் முன்னின்றவர். மிஷன் கல்லூரியார், சைவக் கல்லூரியார் என்னும் பேதமின்றிக் கூடிய கூட்டம் இது. ஆண்டுதோறும் மகாநாடு கூட்டினர். தென்னிலங்கையிலிருந்தும் அறிஞரை அழைத்தனர். சாதி வேற்றுமை ஒழிய வேண்டும், தாய்மொழி கல்வியிலே தனக்குரிய இடத்தைப் பெறவேண்டும், உள்நாட்டுப் பொருளை வாங்குதல் வேண்டும், நாடு விடுதலை அடைய வேண்டும் என்று பேசினர்.

பேசுவது எளிது, உண்பதன்றோ கடினம்! அக்காலத்து யாழ்ப்பாணத்தில் யார் யாரோடு ஒரு பந்தியில் அமர்ந்து சாப்பிடலாம் என்பது எழுதாச் சட்டமாக இருந்தது. காங்கிரஸ் வாலிபரோ சாதி பாராது ஒருங்கிருந்து உண்டனர். இதனை இன்றைய மாணவர் சிறு செய்தியாகக் கருதலாம். அன்று தாழ்த்தப்பட்டோரெனப்பட்ட குலத்துப் பிள்ளைகள் பல பாடசாலைகளில் வாங்கில் இருக்க முடியாது. நிலத்தில், அல்லது வகுப்புக்குப் புறத்தே, இருந்தே கற்றனர். உதவிப்பணம் பெறும் பாடசாலைகளிற் சமஆசனம் கொடுக்கவேண்டுமென்று 1929 அளவில் கல்விப் பகுதியார் கட்டளையிட்டபோது குடாநாட்டிற் பெருங் கொந்தளிப்பு உண்டாயிற்று. சில பாடசாலைகளுக்கு நெருப்பு வைக்கப்பட்டது. படித்த பெரியோரிற் பலர் வாய் திறவாதிருக்க, வாலிபர் சமஆசனத்தை வெளிப்படையாக ஆதரித்தனர். எங்கள் எண்ணத்தில் அவர்களுடைய உரிமைச் சாசனம் எழுதப்படத் தொடங்கியது இங்கேதான். பின்னர் கடதாசியில் வந்தது அதன் ஒரு பகுதி மாத்திரமே.

1927 நவம்பர் மாதத்தில் இலங்கைக்கு இரு வகையான விருந்தினர் வந்தனர். ஒருவர் காந்தியடிகள். அவரை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தவர்கள் மாணவர் காங்கிரஸார். மாத இறுதியில் குடாநாட்டுக்கு வந்த அடிகள் கதர் நிதி திரட்டினார்; மருதனார்மடம் இராமநாதன் கல்லூரியிலும் உடுவில் மகளிர் பாடசாலையிலும் பெண்பிள்ளைகளிடையே பேசினார்; தீண்டாமையைக் கண்டித்தார். அதே மாதத்தில் வந்த மற்றை விருந்தினர், டொனமூர்ப் பிரபுவின் தலைமையில் இலங்கையின் அரசியலமைப்பை ஆராய வந்த ஆணைக்குழுவினர். ஒரே மாதத்தில் வந்த இவ்விரு சாராரின் பாதைகளும் நாலாண்டுகளின் பின்னர் யாழ்ப்பாணத்திலேதான் மோதிக்கொண்டன.

டொனமூர்த் திட்டம் யாது என்பதைச் சற்று நிதானமாகப் பார்த்தல் அவசியம். ஏனெனில் இக்கதையின் முடிச்சு அதிலேயே இருக்கின்றது. அதற்கு முன்னர் இலங்கையில் வாக்களிக்க உரிமையுடையோர் குடிசனத்தில் நூற்றுக்கு நால்வரளவினரே. படிப்பும் சொத்தும் உள்ள ஆண்களுக்கே அவ்வுரிமை. டொனமூர்த் திட்டத்தின்படியோ, எவரும் எதிர்பாராத வகையில், 21 வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை வழங்கப்பட்டது. பெண்கள் ஆண்களோடு ஒத்த வயதில் வாக்களிக்கும் உரிமை பிரித்தானியாவிலேயே 1928 இல்தான் கிடைத்ததென்றால், இதன் புதுமையை ஊகித்துக்கொள்ளலாம். மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளர் விஷயத்தில் மாத்திரம் வசிப்பிட நிபந்தனைகளை இறுக்கி, அவர்களிற் பெருந்தொகையினரை வெளியே நிறுத்தினர். இனவாரிப் பிரதிநிதித்துவம் நீங்கியது. 50 தெரிவு அங்கத்தவரைக் கொண்ட அரசாங்க சபை ஒன்றும், ஏழு நிர்வாகக் குழுக்களும், அவற்றின் தலைவர்களாகிய ஏழு மந்திரிமாரும் வகுக்கப்பட்டனர். ஆனால் திறைசேரிச் சாவியும் நீதிப் பகுதியும் பொதுச் சேவையும் ஆங்கில உத்தியோகத்தர் மூவர் கையிலேயே இருந்தன. தேசாதிபதிக்குத் தடையதிகாரமும் இருந்தது. பழைய சட்டநிரூபண சபை 1929 டிசம்பரில் இத்திட்டத்தை 19 க்கு 17 என்னும் வாக்குகளால், அதாவது நூலிழையில், ஏற்றது.

யாழ்ப்பாணத்துப் பெரிய மனிதரிற் சிலருக்கு இத்திட்டத்தில் வெறுப்பு உண்டாயிற்று. இனவாரி ஆசனங்கள் போயினவே என்பது அவர்தம் மனக்குறை. வாலிபரின் மறுப்புக்குக் காரணம் வேறு. சுயராச்சியம் எங்கே என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. பின்னாளில் இவ்விரு மறுப்புகளையும் ஒன்றெனவே மயங்கி எழுதியோர் உளர், அது பொருந்தாது.

இனிச் சாசனம் எழுதப்பட்ட கதைக்கு வருவோம். இந்தியாவில் 1929 டிசம்பரில் லாகூர்க் காங்கிரஸ் பூரண சுயராச்சியமே குறிக்கோள் என்றது. 1930 ஜனவரி 26 ஆந் திகதி ஊர்கள் தோறும் எடுக்கப்பட்ட உறுதிமொழி, சுதந்திரத்தை மக்களிடமிருந்து பிரிக்கவொண்ணாத உரிமையென்று கூறிற்று. அவ்வாண்டு உப்புச் சத்தியாக்கிரகம் நடந்தது. பாக்குநீரிணைக்கு இப்பால் இருந்த இளைஞர் இவற்றையெல்லாம் பத்திரிகைகளிற் படித்துக்கொண்டிருந்தனர். மாணவர் காங்கிரஸ் என்னும் பெயரும் அக்காலத்தே வாலிபர் காங்கிரஸ் என மாறிற்று. 1931 மார்ச்சு இறுதியிற் கராச்சியில் கூடிய இந்திய தேசிய காங்கிரஸ், குடிகளின் அடிப்படை உரிமைகளை வரிசையாக எழுதி நிறைவேற்றியது. பேச்சுரிமை, சங்கம் அமைக்கும் உரிமை, சாதி மதம் ஆண் பெண் என்னும் வேறுபாடின்றிச் சட்டத்தின் முன் சமத்துவம் ஆகியன அதில் அடங்கும்.

ஒரு மாதம் கழியுமுன், ஏப்ரலில், யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் ஆண்டு மகாநாடு கூடிற்று. தலைமை வகிக்க இந்தியாவிலிருந்து வந்தவர் கமலாதேவி சட்டோபாத்தியாய. உப்புச் சத்தியாக்கிரகத்திற் சிறை சென்று மீண்ட வீராங்கனை அவர். அம்மகாநாட்டில் நிறைவேறிய தீர்மானமே நாம் தேடிச் சென்ற சாசனம். பிரெஞ்சுக்காரருடையது போல 17 பிரிவுகள் அதில் இல்லை. ஒரு சிறு பந்தியில் அடங்கிவிடும். சுயராச்சியம் ஒவ்வொரு மக்கட் கூட்டத்துக்கும் பிரிக்கவொண்ணாத பிறப்புரிமை என்பது அதன் முதற் கூற்று. நாட்டின் விடுதலைக்குத் தம் வாழ்வை அர்ப்பணிக்குமாறு இளைஞரை அழைப்பது அடுத்தது. டொனமூர்த் திட்டம் சுயராச்சியத்தை எய்துதற்குத் தடையாகலின் அதனைப் பகிஷ்கரிக்கச் சபை உறுதிபூணுகின்றது என்பது இறுதி.

இவ்வாசகத்தை ஊன்றி நோக்கினால் சில செய்திகள் புலப்படும். 'பிறப்புரிமை', 'பிரிக்கவொண்ணாத' என்னுஞ் சொற்கள் லாகூரிலிருந்து வந்தவை. லாகூருக்கு அவை பிலடெல்பியாவிலிருந்தும் பாரிஸிலிருந்தும் வந்தன. சொற்களுக்குக் கடவுச்சீட்டு வேண்டுவதில்லை. பாரிஸில் லபாயெத் தம் நகலை எழுதியபோது, அமெரிக்கத் தூதராயிருந்த ஜெபர்சன் அருகிருந்து யோசனை கூறினார் என்பது சரித்திரம். ஆகவே யாழ்ப்பாணத்தார் இரவல் வாங்கினர் என்று எவரேனும் இகழ்ந்தால், இரவல் வாங்காத சாசனம் எது என நாம் கேட்கலாம். மற்றொன்று: உரிமை யாருக்கென்று கூறுமிடத்துத் தமிழருக்கு என்றோ யாழ்ப்பாணத்தாருக்கு என்றோ அத்தீர்மானம் சொல்லவில்லை. ஒவ்வொரு மக்களுக்கும் என்றே சொல்கின்றது. அவர்கள் நினைவில் இருந்தது முழு இலங்கை. தாய்மொழிக்காக வாதாடிய இவ்வாலிபரின் தீர்மானம் எமக்குக் கிடைப்பது ஆங்கில வாசகத்திலே என்பதையும் ஒரு புன்னகையோடு குறித்துக்கொண்டோம்.

தீர்மானத்தின் பலன் விரைவிலேயே தெரிந்தது. நியமனப் பத்திரம் தாக்கல் செய்யும் நாள் 1931 மே 4. யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவரேனும் நியமனப் பத்திரம் கொடுக்கவில்லை. நீண்டகாலம் சட்டசபையிலிருந்த பெரியோரும் வாலிபருக்கு இணங்கி விலகி நின்றனர். நேற்றுவரை வகுப்பறையில் கணக்குச் சொல்லிக்கொடுத்த வாலிபரின் சொல்லுக்கு, ஆசனங் காத்திருந்த அப்புக்காத்துமார் பணிந்த காட்சி எமது அரசியலில் அதற்கு முன்னும் பின்னும் அரிது. வடமாகாணத்திலேயே குடாநாட்டுக்கு வெளியே மன்னார் முல்லைத்தீவுத் தொகுதியில் தேர்தல் நடந்தது. அதிற் போட்டியிட்ட ஜீ. ஜீ. பொன்னம்பலம் தோல்வியடைந்தார்.

தெற்கிலும் சிலர் இதனைப் பாராட்டினர். பாராட்டியதோடு நின்றனர், பகிஷ்கரிப்பு அங்கே பரவவில்லை. ஜூன் மாதத்தில் ஏனைய இடங்களில் மக்கள் சாரிசாரியாகச் சென்று வாக்களித்தனர். அரசாங்க சபை கூடிற்று, மந்திரிமார் நியமனமாயினர், நான்கு ஆசனங்கள் வெறுமையாகவே கிடந்தன.

கல்லூரி வளவிலிருந்து வெளியே வந்து, சந்தியருகே ஒரு நிழலில் நின்று நாம் இவற்றைப் பேசிக்கொண்டிருக்கையில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எம் உரையாடலிற் கலந்துகொண்டார். எண்பதை எட்டிய வயது. சொற்களில் மாத்திரம் முதுமை இல்லை. "பிள்ளையள், அந்த வாலிபர் பெரிய ஆக்கள்தான், நான் மறுக்கேல்லை. ஆனா எங்கட அம்மம்மா சொல்லுவா, உனக்கு வோட்டு வந்திட்டுது எண்டும் சொன்னவையாம், அதைப் போடாதே எண்டும் சொன்னவையாம். இரண்டையும் சொன்னது படிச்ச ஆக்கள். அவவை ஒருதரும் கேக்கேல்லை" என்றார். எம் மாணவர் இருவரும் எம்மைத் திரும்பிப் பார்த்தனர். எம்மிடம் உடனடி விடை இருக்கவில்லை.

அம்மையாரின் சொல்லிலே நியாயம் உண்டு. இலங்கைப் பெண்கள் முதன்முதல் வாக்களித்த தேர்தல் 1931 இல் நடந்தது. சொத்தில்லாத கமக்காரனும், மரமேறுபவனும், வாங்கில் இருக்க மறுக்கப்பட்ட குலத்தாரும் முதன்முதல் வாக்காளராகப் பதியப்பட்டதும் அதே தேர்தலுக்கே. வயது வந்தோர் யாவருக்கும் வாக்குரிமை வேண்டுமென்பது கராச்சியில் எழுதப்பட்ட உரிமைகளுள்ளும் ஒன்று! அங்கே கேட்கப்பட்ட பொருள் இங்கே கையில் வந்தபோது, கொடுத்த கையைக் காரணங் காட்டி அதனை ஒதுக்கினர். தலைமை வகித்த கமலாதேவியோ, பெண்கள் சட்டசபைக்குப் போட்டியிடலாமென்று சென்னை மாகாணத்தில் வழி திறந்தவுடன் 1926 இலேயே தேர்தலில் நின்று, சொற்ப வாக்குகளால் ஆசனத்தை இழந்தவர். வாக்கின் அருமையை அவரிலும் நன்கறிந்தவர் அம்மகாநாட்டில் எவர் இருந்திருப்பர்?

பாரிஸின் கதையும் இதனின் வேறன்று. மனிதர் யாவரும் சமம் என்று எழுதியவர்கள் பெண்களுக்கு வாக்களிக்கவில்லை. குடியேற்ற நாடுகளின் அடிமைகளை அன்று விடுவிக்கவுமில்லை. 1791 இல் ஒலிம்ப் தெ கூஜ் என்னும் மாது பெண்களின் உரிமைப் பிரகடனம் ஒன்றைத் தாமே எழுதினார். 1793 இல் அவர் தலை கொய்யப்பட்டது.

எனினும் வாலிபர் பக்கத்து நியாயத்தையும் கூறாது விடலாகாது. சமஆசனத்துக்காகவும் சமபோசனத்துக்காகவும் வசை கேட்டவர்கள் அவர்களே. எளியவரின் வாக்கைப் பறிக்க நினைத்தவர்கள் என்று அவர்களைச் சொல்ல எமக்கு நாவெழாது. சாவி வேறொருவர் கையிலிருக்கும் வீட்டின் ஓர் அறையை ஏற்றுக்கொண்டால் முழு வீட்டையும் பின்னர் கேட்க முடியாதென அஞ்சினர். முழு இலங்கையும் தம் பின்னே வருமென நம்பினர். வந்திருந்தால் சரித்திரம் அவர்களைத் தீர்க்கதரிசிகள் என்றிருக்கும். வராதபோது எத்தனை நாள் தனியே நிற்பது என்பதைத் தீர்மானத்தில் அவர்கள் எழுதவில்லை. எங்கள் மதிப்பில் குறை அங்கேதான், உரிமையின் வாசகத்திலன்று.

மூன்றாண்டுகளின் பின்னர் 1934 இல் வெற்றிடங்கள் நிரப்பப்பட்டன. யாழ்ப்பாணத்துக்கு அருணாசலம் மகாதேவா, ஊர்காவற்றுறைக்கு வைத்திலிங்கம் துரைசுவாமி, காங்கேசன்துறைக்கு சு. நடேசன், பருத்தித்துறைக்கு ஜீ. ஜீ. பொன்னம்பலம் ஆகியோர் சபைக்குச் சென்றனர். துரைசுவாமி 1936 இல் சபாநாயகரானார். வாலிபர் காங்கிரஸின் குரல் மெல்லத் தணிந்தது. அரசியல் வேறு வழியே திரும்பியது. எங்கே திரும்பியது என்பதற்கு நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. வட்டுக்கோட்டைத் தொகுதியைச் சேர்ந்த பண்ணாகத்தில், 1976 மே 14 ஆந் திகதி, தந்தை செல்வநாயகத்தின் தலைமையில் தமிழர் விடுதலைக் கூட்டணி தனியரசுத் தீர்மானத்தை நிறைவேற்றியது. 'வட்டுக்கோட்டைத் தீர்மானம்' என்றால் இன்று யாவர்க்கும் தெரிவது அதுவே. முழு இலங்கைக்கும் சுயராச்சியம் கேட்ட 1931 இன் தீர்மானத்துக்கும் இதற்கும் இடையே 45 ஆண்டுகள். அவ்வாண்டுகளில் நடந்தவற்றை எழுதப் புகின் அது வேறொரு கட்டுரையாகும்.

ஹண்டி பேரின்பநாயகம் 1949 முதல் 1960 வரை கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்து, 1977 இல் காலமானார். அவர் பதவி தேடி அலையாது பெரும்பாலும் பாடசாலையிலேயே வாழ்நாளைக் கழித்தது எமக்குப் பொருத்தமாகவே தோன்றுகின்றது. அவருடைய இயக்கம் பிறந்ததும் வளர்ந்ததும் அங்கேதானே.

அவ்வியக்கத்தின் சூடு பாடசாலைப் பிள்ளைகளிடம் எவ்வளவு இருந்ததென்பதற்கு ஒரு சான்று ஜவகர்லால் நேருவின் சுயசரிதையிற் கிடைக்கின்றது. அதே 1931 இல் இளைப்பாறுதற்காகக் குடும்பத்துடன் இலங்கை வந்த நேரு, யாழ்ப்பாணத்துக்கு அண்மையில் ஒரு பாடசாலை வழியே செல்லுகையில், ஆசிரியரும் மாணவரும் அவருடைய காரை மறித்து வரவேற்புக் கூறினர். அப்போது சிறுவன் ஒருவன் முன்னே வந்து, அவர் கையைக் குலுக்கி, தான் தளரமாட்டேன் என்று மாத்திரம் சொல்லி நின்றானாம். ஒளிவிட்ட அம்முகம் தம் நெஞ்சிற் பதிந்துவிட்டதென்று நேரு சில ஆண்டுகளின் பின்னர் சிறையிலிருந்து எழுதினார். அச்சிறுவன் யாரென்பதை அவர் அறியவில்லை. அவன் பெயரை எவரும் குறித்து வைக்கவில்லை.